இட அலர்ட் அடித்தால் எங்கே பிழை? அறிகுறி பார்த்துத் தேடும் வழி

பெருங்குடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் பணம் வந்துபோகும் வங்கிக் கணக்குகளில் கள்ளப்பணத்தைத் தேடும் சிஸ்டம் 'இடம்', 'நாடு' என்று அடிக்கும் அலர்ட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் எங்கள் ஆபீஸ் முகவரியையே சிஸ்டம் தென்னமெரிக்காவில் கொண்டுபோய் வைத்தது. பெருங்குடியை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் நான்கு எழுத்து பெரு நாட்டின் பெயர். அன்றைக்குச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். அதே மாதிரிக் குளறுபடியில் ஒருவருடைய சம்பளம் மூன்று நாள் தொங்கி, அவர் மனைவி போனில் அழுதபோது சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து எழுதி வைத்துக்கொண்ட வரிசை இது. ஒவ்வொரு அறிகுறிக்கும் நம் மேசையிலிருந்தே பார்க்கக்கூடியது முதலில், ஆளைக் கூப்பிட்டுக் கேட்பது பிறகு, சந்தேகப் பரிவர்த்தனைகளை அரசுக்குத் தெரிவிக்கும் முதன்மை அதிகாரியிடம் கொண்டுபோவது கடைசியில். ஓர் அறிகுறிக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழ். அது கடைசித் தலைப்பில் இருக்கிறது. அவசரமாக வந்தவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

எதையும் தொடுமுன்: அடித்தது எந்தக் கட்டம்?

அலர்ட்டில் 'உயர் அபாய நாடு: மியான்மர்' என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த மியான்மர் எங்கிருந்து வந்தது என்று அதில் இருக்காது. குடியுரிமையா, பிறந்த இடமா, முகவரியா, போன் இருக்கும் இடமா, பணம் அனுப்பியவரின் நாடா? ஐந்தும் வேறு வேறு விஷயம். மூலப் பதிவைத் திறந்து எந்தக் கட்டம் என்று பார்த்த பிறகுதான் கீழே உள்ள தலைப்புகளில் ஒன்றுக்குப் போக வேண்டும். இதைப் பார்க்காமல் வாடிக்கையாளருக்குப் போன் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் போட்டிருக்கிறேன்.

அறிகுறி 1: ஆள் உள்ளூர், முகவரியில் மட்டும் வெளிநாடு

ஊர்ப் பெயருக்குள் ஒரு நாடு ஒளிந்திருக்கிறதா?

முக்கால்வாசி இதுதான். முகவரியில் எழுத்துத் தேடும் விதியை யாரோ முழுச் சொல்லாகத் தேடச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். பெருங்குடி, பெருந்துறை, பெரும்பாக்கம் எல்லாம் பெருவாகிவிடும். திருமழிசையில் ழகரத்துக்கு 'எல்' போட்டு எழுதினால் நடுவில் மாலி வந்து உட்காரும். கிரண் என்ற பெயரில் ஈரான் இருக்கிறது. பெருவால் பெரிய கெடுதல் இல்லை. ஈரான் வந்தால் பணம் நின்றுவிடும்.

இதில் தனி ரகம் பர்மா. சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே ராஜாஜி சாலையில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் 1960-களில் கடை போட்ட இடம். காரைக்குடியிலும் வேறு பல ஊர்களிலும் பர்மா காலனி உண்டு. 2022 அக்டோபரில், கள்ளப்பணத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் மியான்மரைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. மியான்மருக்குப் பழைய பெயர் பர்மா என்பது சிஸ்டத்துக்கும் தெரியும். பர்மா பஜாரில் செல்போன் கவர் விற்பவர் அதற்கு என்ன செய்வார்?

பார்க்க வேண்டியது: பின்கோடு ஆறு இலக்கமா, மாவட்டம் பொருந்துகிறதா. பொருந்தினால் க்ளோஸ் செய்யுங்கள். ஆனால் அதோடு விடாதீர்கள். அந்தச் சொல்லை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி சிஸ்டம் கொடுத்த வெண்டருக்கு டிக்கெட் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமும் அதே ஆள், அதே அலர்ட். விலக்கும்போது 'பர்மா' என்ற சொல்லை மொத்தமாக விலக்காமல் 'பர்மா பஜார்', 'பர்மா காலனி' என்று முழுச் சொற்றொடராக விலக்குங்கள். அவசரத்தில் ஒரே சொல்லை விலக்கிவிட்டு உண்மையான யாங்கூன் முகவரியைக் கோட்டைவிட்ட இடங்கள் உண்டு.

நாடு ஆப்கானிஸ்தானா?

அகர வரிசையில் அதுதான் முதல் பெயர். கவுண்டரில் யாரோ பட்டியலைத் திறந்து எதையும் தேர்ந்தெடுக்காமல் 'அடுத்து' அழுத்தியிருப்பார்கள். அதே நாளில் அதே கிளையில் பதிவான மற்ற வாடிக்கையாளர்களையும் பாருங்கள். இரண்டு மூன்று பேர் 'ஆப்கானியர்கள்' கிடைத்தால் யார் கை என்று தெரிந்துவிடும். விண்ணப்பத்தின் ஸ்கேனை எடுத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இரண்டெழுத்துக் குறியீடு மாறிவிட்டதா?

கோலாலம்பூரில் இருப்பவருக்கு மலேசியாவின் 'எம்-ஒய்' போட வேண்டிய இடத்தில் மியான்மரின் 'எம்-எம்' விழுந்திருக்கும். அயர்லாந்து 'ஐ-ஈ', ஈரான் 'ஐ-ஆர்'. கொரியாவில் ஒரு வேடிக்கை உண்டு: பட்டியலில் 'கொரியக் குடியரசு' என்று ஒன்று, 'கொரிய ஜனநாயக மக்கள் குடியரசு' என்று இன்னொன்று. சியோலில் வேலை செய்யும் நம்மூர் இஞ்சினியர் 'ஜனநாயகம்' என்று இருப்பதுதான் சரியாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார். அது வட கொரியா. போன் எண்ணின் நாட்டுக் குறியீட்டோடு ஒப்பிட்டால் அரை நிமிடத்தில் தீரும்: மலேசியா 60, மியான்மர் 95, தென் கொரியா 82, வட கொரியா 850.

நாடு 'தெரியவில்லை' என்று வந்து அதுவே உயர் அபாயமாகிறதா?

பெயர் மாறிய நாடுகளைப் பாருங்கள். ஸ்வாசிலாந்து 2018-இல் எஸ்வாட்டினி ஆனது. மாசிடோனியா 2019-இல் வட மாசிடோனியா. துருக்கி 2022-இல் ஐ.நா.வில் தன் பெயரை துர்க்கியே என்று மாற்றிக்கொண்டது. உங்கள் பட்டியலில் ஒரு பெயரும் வாடிக்கையாளர் பதிவில் இன்னொரு பெயரும் இருந்தால் பொருந்தாது. பொருந்தாததை எல்லாம் சிவப்பாக்கும்படி விதி எழுதியிருப்பார்கள். காங்கோ என்று வெறுமனே எழுதியிருந்தால் மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இரண்டு காங்கோ இருக்கின்றன, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அறிகுறி 2: பிறந்த இடம் மட்டும் அடிக்கிறது

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவருக்குப் போன் போட்டான். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ரங்கூன். சிங்கப்பூரிலிருந்து மகன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். "ஆச்சி, மியான்மரோட உங்களுக்கு என்ன தொடர்பு?" என்று படிவத்தில் இருப்பதை அப்படியே கேட்டிருக்கிறான். "பொறந்தது அங்கதான் தம்பி. ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப எங்கப்பா தோள்ல தூக்கிட்டு வந்தாராம். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. ஏன், எதுவும் வீடு கீடு திருப்பித் தர்றாங்களா?" என்று கேட்டாராம் ஆச்சி.

பிறந்த இடம் தனியாக அடித்தால் ஆளைக் கூப்பிடாதீர்கள். குடியுரிமை, தற்போதைய முகவரி, பணம் வரும் நாடு, போன் இருக்கும் இடம் நான்கையும் பாருங்கள். நான்கிலும் அந்த நாடு இல்லையென்றால் காரணத்தை எழுதி க்ளோஸ் செய்யலாம். பர்மாவிலிருந்து வந்தவர்கள், 1964 சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று இப்படிப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இலங்கை 2017 முதல் 2019 வரை எஃப்ஏடிஎஃப்பின் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில் வைத்த நாடுகளின் பட்டியலில் இருந்தது. கண்டியில் பிறந்து கூடலூரில் குடியேறிய முதியவருக்கு அந்தப் பட்டியலோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

நான்கில் ஒன்றாவது ஒத்துப்போனால் அது வேறு கேஸ். கீழே அறிகுறி 8-க்குப் போங்கள்.

அறிகுறி 3: உள்ளூரில் இருப்பதாகச் சொல்கிறார், ஐபி வெளிநாடு காட்டுகிறது

ஐபி என்பது இணையத்தில் நுழையும் இணைப்பின் முகவரி எண். முதலில் எண்ணிக்கை பாருங்கள். ஒரே ஐபியிலிருந்து சம்பந்தமே இல்லாத பல நூறு பேர் வருகிறார்களா?

அப்படியென்றால் அது வாடிக்கையாளர் ஐபியே இல்லை. நடுவில் நிற்கும் நம்முடைய சர்வரின் ஐபி. செயலியைப் புதுப்பிக்கும்போது வாடிக்கையாளரின் உண்மையான ஐபியைக் கடத்தும் அமைப்பு விடுபட்டிருக்கும். தொழில்நுட்பக் குழுவை எழுப்புங்கள். அவர்கள் சரிசெய்யும்வரை அந்த நேரத்து அலர்ட்டுகளை ஒவ்வொன்றாக க்ளோஸ் செய்து கையைத் தேய்க்காதீர்கள்.

ஒரே ஒரு ஆளா? எப்போதும் அதே நாடா?

ஐபி முகவரிக் கட்டுகள் ஒரு நாட்டு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நாட்டு நிறுவனத்துக்குக் கைமாறுகின்றன. இடம் சொல்லும் தரவுத்தளங்கள் பல மாதம் பழைய நாட்டையே சொல்லிக்கொண்டிருக்கும். சின்ன ஊர் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இரண்டாவது தரவுத்தளம் ஒன்றில் பாருங்கள். ஐபி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ஆசிய-பசிபிக் ஐபி முகவரிகளைப் பதிவு செய்யும் ஏப்னிக் பதிவேட்டில் தேடுங்கள். அந்த ஊர் இணைய நிறுவனத்தின் பெயரே வந்தால் கதை முடிந்தது.

நாடு மாறி மாறி வருகிறதா?

காலையில் நெதர்லாந்து, மதியம் சிங்கப்பூர், ராத்திரி ஜெர்மனி என்றால் விபிஎன், அதாவது வேறொரு இடத்து சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் வழி. விபிஎன் என்றதும் கள்ளன் என்று முடிவு கட்டாதீர்கள். ஐடி கம்பெனி லேப்டாப்பில் வங்கி வேலை பார்ப்பவரின் ஐபி கம்பெனியின் வெளிநாட்டு வாசல் வழியாகத்தான் வெளியே வரும். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் வீட்டோடு பேச விபிஎன் போட்டவர்கள் அதை அணைக்க மறந்து அப்படியே பணமும் அனுப்புகிறார்கள். போனின் நேர மண்டலத்தைப் பாருங்கள். ஐபி ஆம்ஸ்டர்டாம், போன் கடிகாரம் இந்திய நேரம் என்றால் ஆள் பெரும்பாலும் இங்கேதான். கடிகாரத்தைக் கையால் மாற்றவும் முடியும் என்பதால் இது ஒன்றை மட்டும் நம்பி முடிக்க வேண்டாம், சிம் எந்த நாட்டுடையது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடலோடியா?

தூத்துக்குடியில் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்தவர் வெவ்வேறு நாட்டு ஐபியிலிருந்து வருகிறார், தொழில் 'மரைன்' என்றால் கப்பலின் செயற்கைக்கோள் இணையம். ஐபி காட்டுவது கப்பல் நிற்கும் இடத்தை இல்லை, தரையில் இணைப்பு இறங்கும் இடத்தை. தொடர் பயணச் சான்றான சிடிசி புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை அலர்ட்டே பிரச்சினை இல்லை.

ஆறு மாதத்துக்கு மேல் ஒரே வெளிநாட்டு ஐபி, சிம்மும் அந்த நாடு, நேர மண்டலமும் அந்த நாடா?

ஆள் வெளிநாடு போய்விட்டார், வங்கிக்குச் சொல்லவில்லை. இதில் கள்ளப்பணம் எதுவும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் வேலைக்காக வெளிநாடு போனவர் உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்ட முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். எந்த நாட்டில் வரி கட்டுகிறார் என்ற வரிக் குடியிருப்பு அறிவிப்பும் வாங்க வேண்டும். இப்போது போன் போடலாம், மரியாதையாக. அமீரகத்தில் இருப்பவரிடம் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாப் பக்கத்தைக் கேட்டு மல்லுக்கு நிற்காதீர்கள். 2022-க்குப் பிறகு அங்கே விசாவை ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் குடியிருப்புச் சான்று. இது தெரியாமல் ஒருவரை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

அறிகுறி 4: வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்திய ஐபி, அல்லது ஊருக்கு வந்தவருக்கு வளைகுடா ஐபி

முதலில் சிம்மைப் பாருங்கள். ரோமிங்கில் இருக்கும் போனின் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகத்தான் வெளியே போகும். துபாய் சிம்மோடு திருநெல்வேலிக்கு லீவில் வந்தவர் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருந்தாலும் ஐபி அமீரகம்தான். இந்திய சிம்மோடு ரியாத் போனவர் இந்தியா. வைஃபைக்கு மாறியதும் இடமும் மாறும். ஒரே நாளில் இரண்டு நாடு காட்டி 'பறந்திருக்க முடியாது' என்ற அலர்ட் அடிப்பது இதனால்தான்.

அந்த அலர்ட்டில் இன்னொன்றும் பாருங்கள். இரண்டு பதிவும் ஒரே நேரக் கணக்கில் இருக்கிறதா? ஒரு சிஸ்டம் உலக நேரத்திலும் இன்னொன்று இந்திய நேரத்திலும் எழுதினால் ஐந்தரை மணி நேரம் தானாகக் காணாமல் போகும்.

அறிகுறி 5: ஜிபிஎஸ் கடலில் நிற்கிறது

பூஜ்யம், பூஜ்யம்: மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கினி வளைகுடாவில் புள்ளி விழும். போன் இடத்தைக் கொடுக்கவில்லை, செயலி வெற்றிடத்துக்குப் பதில் பூஜ்யத்தை எழுதியிருக்கிறது. பக்கத்து நாட்டைத் தேடிப் பிடிக்கும் சிஸ்டமாக இருந்தால் கானா என்று சொல்லும். தொழில்நுட்பக் குழுவின் வேலை.

வட துருவத்தை ஒட்டி, ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. சென்னை 13.08, 80.27. திருப்பிப் போட்டால் ஆர்க்டிக் கடல். இதுவும் அவர்கள் வேலைதான்.

பாக் நீரிணை, அல்லது இலங்கை: தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவர் பிடித்து வரவேற்புக் குறுஞ்செய்தி வருவது ராமேஸ்வரத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. நெட்வொர்க்கின் நாட்டு எண் 413 என்று வந்திருக்கும். அடுத்த எண் 414 மியான்மர், அவசரத்தில் மாற்றிப் படிக்காதீர்கள். இந்திய எண்கள் 404, 405.

புள்ளி தரையில்தான், ஆனால் எல்லா நாளும் தசமத்தின் கடைசி இலக்கம்வரை ஒரே இடம்: இதுதான் கவனிக்க வேண்டியது. உண்மையான ஜிபிஎஸ் மேசை மேல் வைத்த போனிலேயே சில மீட்டர் அலையும். அசையாமல் நிற்பது போலி இடம் காட்டும் செயலி. கணக்கு திறந்த நாளிலிருந்தே இப்படியா, அண்மையில்தானா என்று பாருங்கள். அண்மையில்தான், அதோடு சாதனமும் மாறியிருக்கிறது என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 6: வீடியோ கேஒய்சி பாதியில் அறுபடுகிறது

ரிசர்வ் வங்கி விதிப்படி வீடியோ கேஒய்சியில் வாடிக்கையாளர் இருக்கும் இடம் ஜிபிஎஸ்ஸோடும் நேர முத்திரையோடும் பதிவாக வேண்டும், இந்தியாவுக்கு வெளியே உள்ள ஐபியையும் போலி ஐபியையும் தடுக்க வேண்டும். ஆகவே அறுபடுவது பல நேரம் பழுது இல்லை, பூட்டு சரியாக வேலை செய்கிறது.

இந்தியாவில்தான் இருக்கிறார் என்றால் விபிஎன்னை அணைக்கச் சொல்லுங்கள், வெளிநாட்டு சிம் டேட்டாவை விட்டு வீட்டு வைஃபைக்கு மாறச் சொல்லுங்கள், இட அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று தீர்த்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கிறாரா? அங்கேயே நிறுத்துங்கள். "இந்தியா விபிஎன் போட்டுக்கிட்டு வாங்க சார்" என்று சொல்லிக்கொடுத்த ஊழியரை எனக்குத் தெரியும். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். உண்மையில் விதியை ஏமாற்றக் கற்றுக்கொடுத்தார், அதுவும் பதிவாகும் அழைப்பில். அவர்களுக்குத் தாள் வழி இருக்கிறது: இந்தியத் தூதரகம், அந்நாட்டு நோட்டரி, இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி சான்றளித்த நகல்.

அறிகுறி 7: ஒரே ராத்திரியில் பெருங்கூட்டம் உயர் அபாயமாகிவிட்டது

பிப்ரவரி, ஜூன், அக்டோபர் கடைசியா? எஃப்ஏடிஎஃப் கூட்டம் முடிந்து பட்டியல் மாறியிருக்கும். 2022 மார்ச்சில் அமீரகம் சாம்பல் பட்டியலில் விழுந்தபோது, நாட்டை மட்டும் பார்த்துச் சிவப்பாக்கும் விதி வைத்திருந்த இடங்களில் வளைகுடாவில் வேலை செய்யும் அத்தனை பேரும் காலையில் எழுந்ததும் 'உயர் அபாயம்'. 2025 பிப்ரவரியில் நேபாளம் வந்தது. ஓட்டலில் டேபிள் துடைக்கும் நேபாளிப் பையன்களுக்கெல்லாம் கூடுதல் விசாரணைப் படிவம் அச்சடித்த இடங்கள் இருக்கும்.

இங்கே பிழை பட்டியலில் இல்லை, அதைப் படித்த விதத்தில். வட கொரியா, ஈரான், மியான்மர் இருக்கும் கறுப்புப் பட்டியல் வேறு. அங்கே கூடுதல் விசாரணை கட்டாயம், முதல் இரண்டுக்கும் எதிர்நடவடிக்கையே உண்டு. சாம்பல் பட்டியல் வேறு. அதில் உள்ள நாடுகள் எல்லாவற்றுக்கும் கூடுதல் விசாரணை வேண்டும் என்று எஃப்ஏடிஎஃப்பே கேட்பதில்லை, அபாயத்தைக் கணக்கிடும்போது சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நியாயமான வியாபாரத்துக்கு இது தடையில்லை என்று ரிசர்வ் வங்கி விதியிலும் தனியாக ஒரு வரி இருக்கிறது. அபாய மதிப்பெண்ணில் நாட்டுக்கு எத்தனை பங்கு என்று பாருங்கள். நாடு ஒன்றே ஆளைச் சிவப்பாக்கிவிடும் என்றால் விதியை மாற்றச் சொல்லி இணக்கக் குழுவுக்கு எழுதுங்கள். உயர் அபாயம் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேஒய்சி புதுப்பிக்க வேண்டும், குறைந்த அபாயத்துக்குப் பத்து வருடம். தவறான ஒரு வரி எவ்வளவு வேலை வைக்கும் என்று மேலாளருக்கு இந்தக் கணக்கில் சொன்னால் சீக்கிரம் புரியும்.

நீக்கப்பட்ட நாடு இன்னும் சிவப்பாகவே இருக்கிறதா? உங்கள் வெண்டர் எந்தெந்தப் பட்டியலைக் கலக்கிறார் என்று கேளுங்கள். எஃப்ஏடிஎஃப் அமீரகத்தை 2024 பிப்ரவரியில் விடுவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலிலிருந்து அது போனது 2025-இல்தான். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டவருக்கு அமீரகம் அதுவரை சிவப்புதான்.

நாடு பச்சை, ஊர் சிவப்பு என்று வருகிறதா? இதைப் பிழை என்று மூடிவிடாதீர்கள். கிரீமியா, டோனெட்ஸ்க், லுஹான்ஸ்க் ஆகியவற்றுக்கு அமெரிக்கத் தடை பகுதி அளவில் இருக்கிறது, பதிவில் நாடு உக்ரைன் என்றே இருக்கும். கிரீமியாவின் சிம்ஃபெரோபோலில் மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு அப்பா டாலரில் கட்டணம் கட்டப் பார்க்கும் கேஸ் இப்படித்தான் வரும். அப்பா மேல் குற்றமில்லை. ஆனாலும் அனுப்ப முடியுமா என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை, தடைச் சட்டம் தெரிந்த ஆள்.

அறிகுறி 8: ஆள் ஒரு நாட்டில், பணம் இன்னொரு நாட்டிலிருந்து

பணத்தோடு வரும் செய்தியில் உள்ள ஸ்விஃப்ட் வங்கிக் குறியீட்டின் ஐந்தாவது, ஆறாவது எழுத்து நாட்டைச் சொல்லும். ஐபேன் என்ற சர்வதேசக் கணக்கு எண் இருந்தால் முதல் இரண்டு எழுத்து. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐபேன் கிடையாது. சிங்கப்பூர் ஐபேன் என்று யாராவது கொடுத்தால் தாளே பொய்.

அனுப்பியவர் பெயரில் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸோ பணம் அனுப்பும் செயலியோ இருக்கிறதா? அவர்கள் பலரின் பணத்தைச் சேர்த்து வேறொரு நாட்டு வங்கி வழியாக அனுப்புவார்கள். குவைத்தில் இருப்பவர் பணம் லண்டன் வழியாக வருவதில் அதிசயம் இல்லை. உண்மையில் யார் அனுப்பினார் என்ற விவரத்தை அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள், வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டாம்.

அனுப்பியது மூன்றாம் நாட்டுக் கம்பெனியா? தம்மாமில் வெல்டர், சம்பளம் ஹாங்காங் வர்த்தக நிறுவனத்திலிருந்து. இப்போது ஆளிடம் கேட்கலாம்: வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு. மனிதவள ஒப்பந்தக் கம்பெனிகள் இப்படிக் கொடுப்பதுண்டு, தாள் உடனே வந்துவிடும். தாள் வராமல் "அது ஒரு நண்பர் கம்பெனி" என்று இழுத்தால் மேலே கொடுங்கள். சரக்குப் பணமாக இருந்தால் பில்லில் உள்ள கப்பலின் பெயரை நம்பாமல் அதன் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணைத் தேடுங்கள். பெயரும் கொடியும் மாறும், எண் மாறாது.

ஐ.நா. தடைப் பட்டியலில் உள்ள பெயரோடு பொருந்துகிறது என்றால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. பிறந்த தேதியும் மற்ற விவரமும் ஒத்துப்போனால் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான யுஏபிஏவின் 51ஏ நடைமுறைப்படி 24 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் பொறுப்பு அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். அந்த நிமிடமே முதன்மை அதிகாரியின் அறைக் கதவைத் தட்டுங்கள், மெயில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அறிகுறி 9: தனித்தனி ஆட்கள், ஒரே வெளிநாட்டு இடம்

நாமக்கல்லில் ஒருவர், விழுப்புரத்தில் ஒருவர், ஆவடியில் ஒருவர். கணக்குத் திறந்து சில வாரம். மூன்றும் ஒரே சாதனத்திலிருந்தோ ஒரே ஐபியிலிருந்தோ ஓடுகின்றன. பணம் வந்த சில நிமிடங்களில் துண்டு துண்டாக வெளியே போகிறது. சிம் இந்திய சிம். ஐபி தாய்லாந்து.

தாய்லாந்து எந்தப் பட்டியலிலும் இல்லை, அதனால் சிஸ்டம் பச்சை காட்டும். இங்கேதான் நாட்டு மதிப்பெண் குருடாகிறது. தாய்லாந்தின் மே சோட் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது மியான்மரின் மியாவடி. ஆன்லைன் மோசடிக் கூடாரங்கள் நிறைந்த இடம். அங்கே மின்சாரமும் இணையமும் வந்ததே பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அதைத் துண்டித்தது, அதற்குப் பிறகும் செயற்கைக்கோள் இணையம் ஓடியது. ஆகவே ஐபி எந்த நாடு என்பதோடு நிறுத்தாமல் ஜிபிஎஸ் இருந்தால் ஆற்றின் எந்தக் கரை என்று பாருங்கள்.

'டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்' என்று கூட்டிப்போய் அடைக்கப்பட்ட நம் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். 2022-இல் மியாவடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்கள் உண்டு. எனவே கணக்குக்காரர் கமிஷனுக்கு ஏடிஎம் கார்டை விற்றவராகவும் இருக்கலாம், பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு உள்ளே கிடப்பவராகவும் இருக்கலாம். எது என்று நம் மேசையிலிருந்து தெரியாது. இரண்டையும் கேஸ் நோட்டில் எழுதுங்கள்.

வரிசை தலைகீழாகும் இடம் இது: வாடிக்கையாளருக்குப் போன் போடாதீர்கள். விசாரித்தால் ஆள் உஷாராகிவிடுவார் என்று தோன்றினால் கேஒய்சி விசாரணையையே தொடராமல் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை போடும்படி ரிசர்வ் வங்கி விதியே சொல்கிறது. மாற்றுவதற்கு எதுவும் இல்லை, திரட்டுவதுதான் வேலை: சாதன எண்கள், ஐபிகள் நேரத்தோடு, கணக்குகளுக்கு இடையே உள்ள கோடுகள், முதல் பணம் வந்த நாள். அன்றைக்கே முதன்மை அதிகாரியிடம் கொடுங்கள். சந்தேகம் உறுதி என்று அவர் முடிவு செய்ததும் தாமதமில்லாமல் அறிக்கை மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயூவுக்குப் போக வேண்டும். நீங்கள் இரண்டு வாரம் வைத்திருந்து கொடுத்தால் அந்தத் தாமதம் பதிவில் உங்கள் பெயரோடு நிற்கும்.

இடையில் அவரே கஸ்டமர் கேருக்குப் போன் செய்து "ஏன் என் பணம் நிக்குது?" என்று கேட்பார், நிச்சயம் கேட்பார். அழைப்பை எடுக்கும் பிள்ளைகளின் திரையில் 'வழக்கமான சரிபார்ப்பில் உள்ளது' என்ற ஒரு வரிக்கு மேல் தெரியாதபடி முன்கூட்டியே பூட்டச் சொல்லுங்கள். எங்கள் ஆபீஸில் ஒருமுறை பூட்ட மறந்தோம். நல்ல மனசுக்காரப் பெண் ஒருத்தி திரையில் இருந்ததை அப்படியே படித்துச் சொல்லிவிட்டாள். அன்று மாலைக்குள் மற்ற கணக்குகளிலும் மீதி பூஜ்யம்.